எங்கள் பெட்டியில் உன் குரல்

இன்று காலை, நம் பேருந்துக் குழுவின் பேச்செல்லாம் தங்கியிருக்கும் சர்வரைத் துடைத்தேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் தூசியோடு புளித்த திராட்சை வாசனையும் வந்தது. கல்லூரி ஏலத்தில் நீ எடுத்த பழைய கணினி அது. உன் அண்ணன் தோட்டத்தில் திராட்சை அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் அதை வைத்து, சுருளிப்பட்டியிலிருந்து சின்னமனூருக்குக் கொண்டுவந்து என் வீட்டில் இறக்கினாய். பெட்டியைக் கழுவிக்கூட எடுத்து வரவில்லை. "ஒரு மாசம் வச்சுக்க, அப்பறம் எடுத்துக்கிறேன்" என்றாய். அன்றிலிருந்து அதற்குப் பெயரே பெட்டி என்றாகிவிட்டது. உன்னுடைய ஒரு மாதம்தான் இன்னும் முடியவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது. இதை வேறு யாரிடம் சொல்ல? அப்டேட் போட்டால் ஏதாவது ஒன்று நின்றுபோகிறது. கரண்ட் போய் வந்தால் நான்தான் போய் எழுப்ப வேண்டும். வாரத்துக்கு ஒருத்தி பாஸ்வேர்டை மறக்கிறாள். எல்லோரும் வைத்திருக்கிற ஆப்பிலேயே இருந்திருக்கலாமே என்று புதிதாகச் சேர்ந்தவள் கேட்கிறாள். அந்தக் கேள்வியை முதலில் கேட்டவளே நான்தான், அவளை என்ன சொல்வது? பேசாமல் நிறுத்திவிட்டால் என்ன என்று தினமும் தோன்றுகிறது.

தேனிக்குப் போகும் காலைப் பேருந்தில் நாம் பத்திருபது பெண்கள். நீ கம்பத்தில் ஏறி, எனக்குக் கைப்பையைப் போட்டு இடம் பிடித்து வருவாய். ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, வங்கி என்று ஆளுக்கொரு வேலை. கல்லூரிக் கணினி லேபில் நாம் இருவர். பேருந்து எங்கே வருகிறது என்று கேட்பதற்காகத் தொடங்கிய குழு, மாமியார், மாத்திரை, சம்பளம் என்று எல்லாம் பேசும் இடமாகிவிட்டது. அந்தக் குழுவிலிருந்துதான் நம் நர்ஸ் பெண்ணின் நம்பரை எவனோ எடுத்தான். யார் வீட்டுப் போன் வழியாகப் போனது என்று கடைசிவரை தெரியவில்லை. அவன் ஓயாமல் அழைத்தான். அவள் வீட்டுக்காரர் அவனை விட்டுவிட்டு அவளைக் கேள்வி கேட்டார். போனைப் பிடுங்கி, வேலையையும் நிறுத்தினார்கள்.

அவள் வராத முதல் நாள், தேனியில் இறங்கும்போது சொன்னாய்: "நம்பரே கேக்காத ஒண்ணு வேணும்."

அதன் பிறகு மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் ஆப் தேடுவதிலேயே போனது. ஒன்று, பேசுகிறவர்கள் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பேச்சைப் பூட்டியது, ஆனால் நம்பர் கேட்டது. இன்னொன்று நம்பர் கேட்கவில்லை, ஆனால் நாம் பேசுவதெல்லாம் எங்கோ, யாருடைய சர்வரிலோ போய் உட்கார்ந்தது. மூன்றாவதுதான் நமக்கு ஒத்துவந்தது. அதன் நிரல் யாரும் பார்க்கும்படி திறந்திருந்தது. நம் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஒரு பெயர் இருந்தால் போதும். அதிலும் பூட்டு வேண்டாம் என்று நான் வாதாடினேன். அவரவர் போனுக்குள் இருக்கும் சாவி தொலைந்தால் பேசியதெல்லாம் போய்விடும், இவர்களுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது, அட்மின் நாம்தானே, நாமா படிக்கப் போகிறோம் என்றேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "படிக்க மாட்டோங்கிறது வேற, படிக்க முடியாதுங்கிறது வேற" என்றாய். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் நீ சொன்னபடியே பூட்டினோம்.

வீரபாண்டித் திருவிழாவுக்காகப் பேருந்துகள் சுற்றிப் போன நாட்களில் எல்லோரையும் புதியதில் சேர்த்தோம். பெயர் போடச் சொன்ன இடத்தில் பாதிப் பேர் தங்கள் செல் நம்பரையே போட்டுவைத்திருந்தார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீ சிரித்துவிட்டு, ஒவ்வொருத்தியாக நீக்கி மறுபடி சேர்த்தாய். சில வாரம் கழித்து அந்த நர்ஸ் பெண்ணும் தங்கையின் போனிலிருந்து ஏதோ ஒரு பெயரில் வந்தாள். அவள் வேலைக்குத் திரும்பும் வழியை அங்கேதான் பேசினோம்.

பிறகு காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவில்லை. பூட்டியிருந்த உன் போனைத் திறக்கச் சொல்லி அண்ணன் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் எல்லாவற்றையும் அழித்துத் திறந்து கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"அவ குரலு ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல ஆத்தா. தினம் வீட்டுக்கு வர்ற புள்ள, யாரு பதிஞ்சு வப்பா? எல்லாம் உன் வீட்டுப் பெட்டியில இருக்குன்னு சொன்னாக."

"இருக்குண்ணே. ஆனா பூட்டியிருக்கு. சாவி அவ போன்ல இருந்துச்சு."

"பெட்டி இங்கன இருக்கு. நீதான் நடத்துற. உன்னாலயும் முடியாதா?"

"முடியாதுண்ணே."

அதைச் சொல்லும்போது உன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

பெட்டியைத் திறக்க முடியாதுதான், ஆனால் குழுவில் நீ பேசியவை என் போனுக்கும் வந்திருந்தன. அப்படியே அவரிடம் நீட்டியிருக்கலாம். ஆனால் அதில் நீ கல்யாணம் வேண்டாம் என்று அழுதது இருக்கிறது. அண்ணனைத் திட்டியது இருக்கிறது. மற்றவர்கள் வீட்டுக் கதைகளும் இருக்கின்றன. இங்கே பேசுவது வெளியே போகாது என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தது நாம். நீ இருந்தால் நீட்டியிருக்க மாட்டாய். அவரைக் காப்பி குடிக்க வைத்துவிட்டு உள்ளே போய்த் தேடினேன். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் செல்லத்தாயி அக்காவுக்கு, பெயரை எப்படிப் போடுவது என்று குழுவில் நீ விளக்கம் சொன்ன குரல் பதிவு ஒன்று கிடைத்தது. பாதி கேட்டதுமே இது போதும் என்று பட்டது. அக்காவைக் கூப்பிட்டு அனுமதி கேட்டேன். "கூடப் பொறந்தவுகளுக்கு இல்லாததா? போட்டுக் காட்டு" என்றார். வெளியே வந்து பதிவை ஓடவிட்டேன்.

"அக்கா, நம்பரு போடாதீக. பேரு போடுங்க. மல்லிகைன்னு போடுங்க, யாரு கேக்கப் போறாக? பாஸ்வேர்ட வாய்விட்டுச் சொல்லாதீக, வீட்டுல ஆளு இருக்காகல்ல?" அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடியப் போகிற நேரத்தில் தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல், "ஏ புள்ள, சோறு ஆறுது" என்றது. நீ அந்தப் பக்கம் திரும்பி, "இந்தா வாரேண்ணே" என்றாய். அதோடு நின்றுவிட்டது. அந்தக் கடைசியை நான் அதற்குமுன் கவனித்ததே இல்லை.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுக்காமலே, "அந்தக் கடைசிய மட்டும் போடு ஆத்தா" என்றார். போட்டேன். மறுபடியும் போட்டேன். உங்கள் போனுக்கு அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். எங்கிட்ட இருந்தா தோட்டத்துப் பக்கம் போகமாட்டேன், இதையே கேட்டுக்கிட்டுக் கெடப்பேன். உங்கிட்டயே இருக்கட்டும். தாங்காதப்ப வாரேன்."

அதனால் பெட்டியை நிறுத்தவில்லை. அலுப்பு தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். உன் பாடு முடிந்தது, என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய் என்று திட்டிக்கொண்டேதான் அப்டேட் போடுகிறேன். சின்னமனூர் பக்கம் வேலை இருக்கும் நாட்களில் அண்ணன் வருகிறார். மழை, விலை என்று ஏதாவது பேசுகிறார். பிறகு என் போனைப் பார்க்கிறார். நான் போனை எடுத்து அவர் முன்னால் வைக்கிறேன். அவர் உன்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். நீ வருகிறேன் என்கிறாய்.