நீலப் புள்ளி வைத்த கிளாஸ்

அண்ணா,

நான் ஆய்வகத்துக்குக் கிளம்பிவிட்டேன். மதியம் வரும் உன் அலுவலக நண்பர்கள் நாலு பேருக்காக நீ கேட்ட கிளாஸ்கள் மேசையில் இருக்கின்றன. ஒயினுக்கு நாலு, ஷாம்பெயினுக்கு ஐந்து. அந்த ஐந்தாவது உனக்கு. அடியில் நீலப் புள்ளி வைத்திருக்கிறேன்.

"விருந்து வச்சவனே ஜூஸ் டம்ளரோட நின்னா சிரிக்க மாட்டாங்களா, விஞ்ஞானி?" என்று நேற்றுக் கத்தினாய். சிரிக்க மாட்டார்கள். ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்தால் பார்ப்பதற்கு ஷாம்பெயின் மாதிரியேதான் இருக்கும். ஷாம்பெயின் கிளாஸுக்குக் குறுகிய வாய் என்பதால் வாசனையும் பக்கத்தில் நிற்பவருக்குப் போகாது. அதற்காகத்தான் கடையில் அவ்வளவு நேரம் தேடினேன்.

ஆய்வகப் பழக்கத்தில் ரொம்பச் சுத்தமாகக் கழுவிவிட்டேன், ஊற்றிப் பார்த்தபோது குமிழி சரியாக எழும்பவில்லை. துண்டால் உள்ளே ஒரு தடவை துடை. நூல் தூசி ஒட்டினால் எழும்பும்.

இனி கொஞ்சம் குடித்தாலும் கல்லீரல் தாங்காது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

தங்கை

பி.கு: சாயங்காலம் வந்ததும் அந்த நீலப் புள்ளி கிளாஸை முகர்ந்து பார்ப்பேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. அதை மட்டும் கழுவாமல் வை. கழுவியிருந்தால் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன். கேட்க வேண்டியிருக்காது.