புதிய எண்ணெய்க் குடுவை

மிலான்

அன்புள்ள அப்பாவுக்கு டொனாட்டா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் சௌக்கியம்.

கவலைப்பட ஒன்றுமில்லை, வேலையில் ஒரு அருவருப்பு, அவ்வளவுதான். மூக்கு நீண்ட தகர எண்ணெய்க் குடுவை ஒன்றைத் தன் சொந்த வடிவமைப்பு என்று என் கட்சிக்காரர் பதிவு செய்திருக்கிறார். ‘புதிய வடிவம்’ என்று விண்ணப்பத்தில் எழுதியவள் நான். பதிவு அலுவலகத்தில் யாரும் பழசா புதுசா என்று பார்ப்பதில்லை. படத்தைக் கொடுத்தால் சான்றிதழ். நேற்று நீதிமன்ற ஆணையோடு இங்கே ஒரு விற்பனைக் கண்காட்சிக்குப் போய், கோசிமா என்ற அம்மாள் விற்ற அதே மாதிரிக் குடுவைகளை எல்லாம் அள்ளிவிட்டோம்.

“வக்கீலம்மா, பேச்சைக் கேட்டாலே நம்ம லெச்சே பக்கம்னு தெரியுது. உங்க வீட்டு அடுப்படியில இது இல்லைன்னு சொல்லுங்க, பார்ப்போம்!” என்றாள்.

“இல்ல” என்றேன்.

“அசத்திட்டீங்க மேடம்!” என்று கட்சிக்காரர் கை குலுக்கினார். மூன்று முறை சோப்புப் போட்டும் அந்த ஆளின் சென்ட் நாற்றம் கையைவிட்டுப் போகவில்லை.

இங்கே வாங்கும் எண்ணெயில் வாசனையே இல்லை. நம் தோட்டத்து எண்ணெய் கொஞ்சம் அனுப்புங்கள். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அந்த ஆள்தான் கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன்.

டொனாட்டா

நான் வரும்போது அம்மாவின் குடுவையை மட்டும் மேஜையில் வைக்காதீர்கள்.