வலை போன திசை

2023 பெப்ரவரி 6, திங்கள்

புள்ளிகள் ஓடுகின்றன. எத்தனை நாள் பிழை மேல் பிழை. இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் ஆலங்குடாக் கடலில் ஆயிரம் மஞ்சள் புள்ளிகள் ஓடின, என்னுடைய பழைய லெப்டொப்பில்.

காற்றையும் நீரோட்டத்தையும் இலவசமாகத் தருகிற தளங்கள் இருக்கின்றன. அவற்றை இறக்கி, ஒரு பொருளை இந்த இடத்தில் விட்டால் நாளைக்கு எங்கே நிற்கும் என்று கணக்குப் பார்க்கலாம். யூடியூபில் ஒரு நோர்வேக்காரி கற்றுத் தருகிறாள். அவளுடைய வீடியோக்களில் நான் பார்க்காதது ஒன்றும் மிச்சமில்லை. அவள் பாடத்தில் மிதப்பது ஒரு லைஃப் ஜாக்கட். அதையே நான் நம் கடலில் போட்டேன்.

உம்மா எட்டிப் பார்த்து, "இதென்ன, எறும்பா?" என்றார்.

பெப்ரவரி 9

வாப்பாவின் வலை போய்விட்டது. இரவு போட்டது, விடியப் போனால் இல்லை. கயிறு மட்டும் கிடந்ததாம். அறுந்ததா, அறுத்ததா?

பெப்ரவரி 13

வலை வந்துவிட்டது. கொண்டுவந்தவர் ஸப்ரான் மச்சான். என் அக்கா, மர்ளியா தாத்தாவுக்குப் பேசியிருக்கிற கண்டக்குழி மாப்பிள்ளை. கண்டக்குழிக்கு நேரே மிதந்ததாம். மிதவையில் வாப்பா அடிக்கிற பச்சைப் பெயின்றை வைத்து அடையாளம் கண்டாராம். இங்கே எல்லோரும் அப்படித்தான். மிதக்கிற வலையைக் கண்டால் நிறத்தைப் பார்த்து உரியவனிடம் சேர்ப்பார்கள்.

தாத்தாவுக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. மூத்தவள் என்ற கெத்தெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

ஆனால் வலை கிடைத்தது வெள்ளிக்கிழமையாம். இன்று திங்கள். கேட்டேன்.

"சிக்கெடுத்துக் காயப்போட்டுக் கொண்டு வந்தன் தங்கச்சி."

ஒரு செதில்கூட இல்லை வலையில். கேட்காமலேயே ஊரான் வலைக்குச் சிக்கெடுப்பது யார்? பாவித்துவிட்டுக் கழுவினாரா?

பெப்ரவரி 14

போட்டுப் பார்த்தேன். வலை விட்ட இடம் வாப்பாவின் போனில் இருக்கிறது. அங்கே ஆயிரம் புள்ளி. ஒன்றுகூடக் கண்டக்குழிக்குப் போகவில்லை. வாடைக்காற்று எல்லாவற்றையும் தெற்கே, கரையை விட்டு வெளியே தள்ளுகிறது. கண்டக்குழி இருப்பது வடக்கே.

மிதந்து வந்ததாம்.

பெப்ரவரி 15

காற்று ஒரு பொருளை எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஓர் இலக்கம் உண்டு. சும்மா அதைக் குறைத்துப் பார்த்தேன். புள்ளிகள் திரும்பி, வடக்கே போய், கண்டக்குழியில் ஒட்டிக்கொண்டன. எங்கேயோ பிழை விட்டிருக்கிறேன். அழித்துவிட்டேன்.

பெப்ரவரி 16

தாத்தா கேட்டாள், "ஏன்டி அவர ஒரு மாதிரிப் பாக்கிறாய்?"

காட்டினேன். கண்டக்குழிக்குப் போகாத புள்ளிகளை அவள் பார்த்துவிட்டு, "இது கடலா, உன்ட கேமா?" என்று எழும்பிப் போய்விட்டாள். பின்னால் வாப்பா நின்றதை நான் காணவில்லை. திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

"இது மெய்யா மகள்?"

"கணக்கு வாப்பா. கணக்கு பொய் சொல்லாது."

வீடியோவாக்கித் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். நான் செய்கிற ஒன்றை வாப்பா உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

பெப்ரவரி 18

வாப்பா அதைச் சங்கத்து முத்தலிபு மாமாவுக்கு அனுப்பியிருக்கிறார். அவர் மீனவர் சங்க வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். என் வீடியோ சிநேகிதி நபீலாவிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது. யாரோ மேலே சிவப்பில் எழுதியிருந்தார்கள்: வலைக் கள்ளன், கொம்பியூட்டர் ஆதாரம். "உங்கட மாப்பிள்ளயாமே?" என்று நபீலா, சிரிக்கிற முகம் வேறு போட்டு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஸப்ரான் பள்ளிவாசல் நிருவாகத்துக்கு முன்னால், வலையை எடுக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டுமாம். செய்யாவிட்டால் நிக்காஹ் இல்லை என்று வாப்பா சொல்லிவிட்டார்.

தாத்தா அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். எனக்கென்ன, நான் கள்ளனிடமிருந்து அவளைக் காப்பாற்றுகிறேன். அப்படித்தானே?

பெப்ரவரி 20

நோர்வேக்காரியின் டிஸ்கோர்ட் குழுவில் பெருமைக்கு வீடியோவைப் போட்டேன். ஒரு பிரேசில்காரன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: வலை நிற்பது தண்ணீருக்கு மேலேயா, கீழேயா?

கீழே. மிதவை மட்டும் மேலே. ஈயம் கட்டின வலை முழுக்கக் கீழே தொங்கும். அதில் காற்றுக்குப் பிடிக்க என்ன இருக்கு? நீரோட்டம்தான் இழுத்துட்டுப் போகும். வலைக்காரன்ட மகள் நான், இது தெரியாதா எனக்கு? லைஃப் ஜாக்கட்டுட காத்து இலக்கத்த மாத்தாம அப்படியே விட்டுட்டு—

இல்ல. மாத்தினேன். வந்த விடை பிடிக்கல்ல. அழிச்சேன்.

பெப்ரவரி 21

இம்முறை இலக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, வந்த எல்லாவற்றையும் வைத்துக்கொண்டேன். வலைக்குப் பொருந்துகிற அளவுகளில் பெரும்பாலான புள்ளிகள் கண்டக்குழிப் பக்கம் போகின்றன. சில போகவில்லை. மிதந்து வந்திருக்கலாம். அவ்வளவுதான் இதனால் சொல்ல முடியும். எடுத்தாரா இல்லையா என்று இது சொல்லாது. அன்றைக்கும் சொல்லவில்லை.

வாப்பாவிடம் காட்டினேன்.

"அண்டைக்குக் கணக்கு பொய் சொல்லாதெண்டாய்."

"கணக்கு சரி வாப்பா. நான் குடுத்த இலக்கம் பிழை."

"தாத்தா அழுறாளெண்டு மாத்திறியா?"

"இல்ல வாப்பா."

நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தார். நான் ஸப்ரானைப் பார்த்த அதே பார்வை.

பெப்ரவரி 22

புது வீடியோவைச் சங்கத்தில் போடச் சொல்லி முத்தலிபு மாமாவிடம் கெஞ்சினேன். போட்டார். ஒருவரும் வேறெங்கும் அனுப்பவில்லை. ஒருவர் மட்டும் எழுதினார்: "மாப்பிள்ளைக்கு வேற கொம்பியூட்டரா?"

பெப்ரவரி 24, வெள்ளி

ஸப்ரான் வந்து சத்தியம் செய்தாராம். முடிந்த பிறகு வாப்பாவிடம், "மாமா, சிக்கெடுத்ததா குத்தம்?" என்று கேட்டாராம். வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னார். பாதியில் எழும்பிவிட்டார்.

நான் எழுதத்தான் வேண்டும்: மனதின் ஒரு மூலை இன்னும் கேட்கிறது. வெள்ளியிலிருந்து திங்கள் வரை சிக்கா எடுத்தார்? இந்த மூலையை எப்படி அழிப்பது?

மார்ச் 12

நிக்காஹ். சின்னதாக. கண்டக்குழிக்காரர்கள் சாப்பிட்டதும் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 2

தாத்தா நோன்பு திறக்க வந்திருந்தாள். மச்சான் வரவில்லை, கரையில் வேலையாம். பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நேத்து அவர் போன கடல்ல ஒரு வல மிதந்திச்சாம். நல்ல புது வலயாம்."

"யார்ட?"

"தெரியா. கிட்டப் போகல்லயாம். வள்ளத்தத் திருப்பிட்டாராம்."

பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளி வைத்தாள்.