சோடாபுட்டிக் கண்ணாடியும் சின்னக்குட்டியும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம்தான், முட்டி வலியும் சண்டையும் வழக்கம்போல. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் சுகமாக இருந்தால் அதுவே எனக்குப் பாதி மருந்து. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்பாய். போனில் பேசினால் உன் அம்மா என் தோள்மேல் காதை வைத்துக்கொண்டு நிற்பாள், நீயோ பாதிப் பேச்சில் 'சரிப்பா, மீட்டிங் இருக்கு' என்று வைத்துவிடுவாய். இது முழுசாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

முதலில் நல்ல செய்தி. நீ பிடிவாதமாக மாற்றச் சொன்ன ஆஸ்பெரிக் கண்ணாடி அம்மாவுக்கு வந்துவிட்டது. கடைக்காரர் பழையதையும் புதியதையும் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார். பழையது பந்தில் ஒரு சீவல் எடுத்ததுபோல நடுவில் புடைத்து நிற்கிறது, புதியதில் அந்த வளைவு ஓரத்துக்குப் போகப் போகத் தணிந்துவிடுகிறதாம், அதனால் பவர் அதே பிளஸ் ஏழுதான், ஆனால் மெலிசு, மூக்கில் பாரமும் இல்லை. கண்மணி சரியாக நடுவில் வர வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்ப அளந்தார், உன் அம்மா என்னிடம் ஒருநாளும் காட்டாத பொறுமையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முதலில் தலை சுற்றுகிறது என்று புலம்பினாள். இப்போது ஓரக்கண்ணால் பார்த்தாலும் கதவு நிலை நேராகத் தெரிகிறதாம். இத்தனை வருஷம் நிலை கோணல் என்று தச்சரைத் திட்டிக்கொண்டிருந்தவள்! பாவம் அந்த மனுஷன்.

எனக்குத்தான் கஷ்டம். பழைய கண்ணாடியில் அவள் கண் இரண்டும் இத்தனை பெரிசாகத் தெரியும், கோபமா இல்லையா என்று செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிடுவேன். இப்போது ஊரில் எல்லோருக்கும் இருப்பதுபோல இருக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை, வகையாக மாட்டிக்கொள்கிறேன். நம் சலூனில் இதைச் சொன்னால் முடிவெட்ட உட்கார்ந்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார், கத்தி என் கையில் இருக்கிறதே என்ற பயம்கூட இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னக்குட்டிக்குப் பிளஸ் ஆறு என்று டாக்டர் சொன்னதும் நீ ஆடிப்போய்விட்டாய். வலது கண் சோம்பேறியாகிக்கொண்டு வருகிறது, இந்த வயதில் விட்டால் பிறகு பிடிக்க முடியாது, நாள் முழுக்கப் போட வேண்டும் என்று அவர் அத்தனை சொல்லியும், மெலிசுக் கண்ணாடி வந்தபின் போடலாம் என்று, வாங்கிய தடிக் கண்ணாடியை அலமாரியில் வைத்துவிட்டாய். ஏன் என்று எனக்குத் தெரியும். உன்னைப் பள்ளிக்கூடத்தில் 'சோடாபுட்டி மக' என்று கூப்பிட்டார்கள், அம்மா கேட் பக்கம் வரக்கூடாது என்று நீ அழுதாய், அவளும் அதன்பின் தெருமுனையிலேயே நின்று உன்னைக் கூட்டிவந்தாள். குத்திக்காட்டவில்லை கண்ணு, நீயும் அப்போது குழந்தைதானே.

செவ்வாய்க்கிழமை நீ வேலைக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை வீடியோவில் கூப்பிட்டார். அம்மா புதுக் கண்ணாடியோடு பெருமையாக முகத்தைக் காட்டினாள். சின்னக்குட்டி உற்றுப் பார்த்துவிட்டு, 'இது பாட்டி இல்ல, பாட்டி கண்ணு எங்க?' என்று ஒரே அழுகை. பழையதைத் தேடி எடுத்து மாட்டிய பிறகுதான் ஓய்ந்தாள். உடனே உள்ளே ஓடி, நீ அலமாரியில் வைத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, 'எனக்கும் பாட்டி கண்ணு' என்று காட்டினாள். மாப்பிள்ளை முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! நீ வெளியே போனதும் தினமும் போட்டுக்கொள்கிறாளாம். அவரைத் திட்டாதேம்மா, உன்னிடம் சொல்லப் பயந்திருக்கிறார், அந்தப் பயம் எனக்கும் பழக்கம்தான்.

அந்த நேரம் பார்த்து அங்கே கதவுச் சத்தம் கேட்டது. பிள்ளை வெடுக்கென்று கழற்றி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். வந்தது யாரோ பக்கத்து வீட்டுக்காரர். 'ஏன்டா தங்கம் ஒளிச்ச?' என்று உன் அம்மா கேட்டதற்கு, 'அம்மாவுக்கு இந்தக் கண்ணு பிடிக்காது' என்றாள். பழைய கண்ணாடி போட்டிருந்ததால் உன் அம்மா அழுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மெலிசு வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள், நல்ல சாமான், அதற்கு நானே சாட்சி. ஆனால் அதுவரை பிள்ளையின் கண் காத்திருக்காது. காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதே. நீயே உன் கையால் அவளுக்கு மாட்டிவிடு. அந்தக் கண்ணாடி வழியாகத் தன் அப்பாவைப் பார்த்துவிட்டாள், எங்களைப் பார்த்துவிட்டாள், உன் முகத்தைத்தான் இன்னும் பார்க்கவில்லை. மாட்டும்போது கொஞ்சம் சிரித்த முகமாக இரு.

உன் அப்பா