புரூசின் தொடையும் சனீஸ்வரனின் எண்ணெயும்

செவ்வாய், செப்டெம்பர் 17, 1974

காலையில் மழை. பத்து மணிக்கு வெயில். பின்னேரம் குளிர்காற்று. சுவெட்டரைப் போடுவதும் கழற்றுவதுமாகவே ஒரு நாள்.

வேலை செய்கிற மரக்காலையில் இரண்டு லொறிப் பலகை இறக்கினோம். வேலை முடிய மைதானம். எங்கள் ஃபோர்மன் கெவின்தான் இந்தப் பக்கத்துக் கால்பந்துக் குழுவின் பயிற்சியாளர். கால்பந்து என்று எழுதுகிறேன், ஆனால் கையாலும் பிடிக்கிறார்கள். பந்து பப்பாப்பழம் மாதிரி நீட்டு. பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், நாலு கம்பம். நடு இரண்டுக்கும் இடையால் அடித்தால் ஆறு புள்ளி. கொஞ்சம் தவறிப் பக்கத்தால் போனாலும் ஒரு புள்ளி. பிழைவிட்டவனுக்கும் புள்ளி கொடுக்கிற விளையாட்டை நான் வேறெங்கும் காணவில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை வேறு. போன வருடம் கெவின் பலகையில் சறுக்கிக் கணுக்காலைப் பிரட்டிக்கொண்டார். நல்லெண்ணெயைச் சூடாக்கி உருவிவிட்டேன். நாலாம் நாள் ஓடினார். அன்றிலிருந்து குழுவில் எல்லாருடைய காலும் என் மடியில். பெயர் மறந்துபோகும், காலைத் தொட்டால் ஆள் யாரென்று தெரியும். என் பெயர் தம்பிராசா, அவர்களுக்கு வாயில் நுழையாமல் தொம்.

என்னவோ எழுத வந்தேன். ஓம், புரூஸ். முன்னால் நின்று கோல் அடிக்கிறவன், பனை மாதிரி உயரம். இன்று அவனுடைய வலது பின்தொடையில் கயிற்று முடிச்சு மாதிரி ஒன்று. அமத்தினேன், துள்ளி எழும்பினான். என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில், "தொம், கெவினிட்டைச் சொல்லாதை. சனிக்கிழமை அப்பா அவ்வளவு தூரம் மில்டூராவில இருந்து வாறார். நான் விளையாடி அவர் ஒருநாளும் பாத்ததில்லை."

சனிக்கிழமை இறுதி ஆட்டம். கெவினின் மகளைத்தான் இவன் டிசெம்பரில் நத்தாருக்குக் கட்டப்போகிறான்.

வீட்டில் பா.விடம் சொன்னேன். (பாக்கியம் என்று முழுதாக எழுதினால் மை போதாது.) அவள் நேர்ஸ். அவளுடைய படிப்புக்குத்தான் இந்த நாடு கதவைத் திறந்தது, நான் பெட்டியோடு பெட்டியாக வந்தவன்.

"தசை கிழியப் போகுது. மூண்டு கிழமைக்கு ஓடக் கூடாது. சொல்லிப்போட்டீங்களோ?"

"இன்னும் இல்லை."

"எப்ப சொல்லப் போறியள்? கிழிஞ்ச பிறகோ?"

புதன்

காற்று. தண்ணீர்க் குழாய் இறுகிவிட்டது, திருத்தினேன்.

சனிக்கிழமைக்கு நான் பயிற்சியாளர் என்றால்:
- புரூஸ் வெளியே.
- அவனுடைய இடத்தில் ஸ்டாவ்.
- சிவத்தத் தலையன் நடுவில். இப்போது மூலையில் நின்று குளிர் காய்கிறான்.
- கெவின் கத்துவதைக் குறைக்க வேண்டும். காற்றுக்கு எதிரே கத்துவது எவனுக்குக் கேட்கும்.

ஸ்டாவ் கிரேக்கன். மரம் அரிகிற வாள் மேசையில் எனக்கு மற்றப் பக்கம் நிற்கிறவன். அவன் தாய் போடும் ஒலிவ்காய் எனக்கு, பா. சுடும் வடை அவனுக்கு. குழுவில் பத்தொன்பதாவது ஆள். அப்படியென்றால், வெளியே கோட்டுப் போட்டுக்கொண்டு குந்தியிருக்க வேண்டும். உள்ளே ஒருவன் விழுந்தால்தான் இறங்கலாம், விழுந்தவன் திரும்ப வர முடியாது. ஏப்ரலிலிருந்து ஒருவனும் விழவில்லை. ஸ்டாவ் நல்லவன், ஒருவன் விழ வேண்டுமென்று கும்பிடவும் மாட்டான்.

தேத்தண்ணி நேரம் இரண்டு பேர் சண்டை.

"ஸ்டாவ் குள்ளன். அவனுக்குப் பந்து எட்டாது."

"மழை பெஞ்சால் பந்து நிலத்திலதானே கிடக்கும். உன்ர நெட்டையன் குனியிறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடும்."

இரண்டாமவன் சொன்னது சரி. முதலாமவன் சொன்னதும் சரி போலத்தான் இருந்தது.

வியாழன்

ஆள் தெரிவு. கெவினும் இன்னும் மூன்று பேரும் அறைக்குள். என்னைக் கூப்பிட்டார்கள். தொப்பியைக் கழற்றினேன், ஏனென்று தெரியாது.

கெவின்: "புரூசின்ர கால் எப்பிடி?"

"சரி" என்றேன்.

கெவின் என்னையே பார்த்தார். "நல்லாச் சரியோ?"

"ஓம்."

ஏன் சொன்னேன்? தகப்பன் மில்டூராவிலிருந்து வருகிறார், அது ஒன்று. கலியாணம். நாலு பேரும் என் வாயைப் பார்த்தது. "இல்லை" என்று வெள்ளைக்காரனுக்கு நேரே இதுவரை சொன்னதில்லை. எது காரணமென்று எனக்கே பிடிபடவில்லை.

பலகையில் பெயர் போட்டார்கள். ஸ்டாவ் வந்து பார்த்தான். பத்தொன்பது. "கோட்டைத் தோய்ச்சு வைக்கிறன்" என்று சிரித்தான். வடையைக் கொடுத்தேன்.

வெள்ளி

மழை. தலையிடி. பா. இரவு வேலை. நான் உருவுகிற எண்ணெய் முடிந்துவிட்டது. வீட்டில் இருப்பது ஒரு போத்தல், ஊரிலிருந்து ஒருவர் கையில் வந்தது. புரட்டாதிச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்க என்று பா. சாமி அலுமாரியில் வைத்திருக்கிறாள். நாளைக்கு முதற் சனி.

பார்த்தேன். மூடி வைத்தேன்.

சனி

காலையில் அரைப் போத்தலை எடுத்துவிட்டேன்.

பா. வேலையால் வந்து குளித்து, எள்ளுப் பொட்டலம் கட்டி, எண்ணெய் வார்த்து எரித்தாள். போத்தலைத் தூக்கிப் பார்த்தாள், திரும்ப அலுமாரியில் வைத்தாள். காகத்துக்குச் சோறு வைத்தோம். அது சாப்பிட்டால்தான் நாங்கள் சாப்பிடலாம். இங்கத்தைக் காகம் பச்சைக் குழந்தை அழுவது மாதிரிக் கத்தும். வேலியில் இருந்து கத்தியது, சோற்றுக்கு வரவில்லை. மணி பன்னிரண்டு. சாப்பிடாமல் மைதானத்துக்கு ஓடினேன்.

உடுப்பு மாற்றும் அறை. புரூசின் தொடையை அரை மணித்தியாலம் உருவினேன். "நல்லாயிருக்கு, தொம்" என்றான். முகம் சுண்ணாம்பு மாதிரி. வெளியே தகப்பன், தொப்பியோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு. சிறிய மனிதர்.

தொடங்கிப் பத்து நிமிடம். பந்துக்குப் பாய்ந்தான். சுட்டது மாதிரித் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இரண்டு பேர் தோளில் தூக்கி வந்தார்கள்.

ஸ்டாவ் கோட்டைக் கழற்றினான். குளிரில் குந்தியிருந்த கால், என்னிடம் வர நேரமில்லை. முதலில் ஓடவே தெரியவில்லை. பிறகு தெரிந்தது. நாலு கோல். எல்லாம் நிலத்தில் கிடந்த பந்து. ஐந்தாவது பக்கத்தால் போய் ஒரு புள்ளி. நாலு புள்ளியால் தோற்றோம்.

எனக்குப் பின்னால் ஒரு கிழவன், "இவனைத் துவக்கத்தில இருந்தே விட்டிருக்கலாமே. எந்த மடையன் தெரிவு செய்தவன்?"

புரூசின் தகப்பன் அறைக்கு வந்தார். என் கையைப் பிடித்தார். "என்ர பெடியனைப் பாத்துக்கொண்டது நீங்கள்தானோ? பெரிய உபகாரம்."

என் கையெல்லாம் எண்ணெய். அவர் கையிலும் பட்டிருக்கும்.

ஞாயிறு

வெயில். நித்திரை இல்லை.

இரவு முழுக்க ஒரே யோசனை. சனீஸ்வரனுக்கு ஒரு கால் நொண்டி. நொண்டிக்கு வைத்த எண்ணெயை இன்னொருவன் காலில் பூசினேன். அந்தக் கால் நொண்டியாகிவிட்டது. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? பா.விடம் சொன்னேன். எண்ணெய் எடுத்ததையும் சொல்லவேண்டி வந்தது.

"சாமின்ர எண்ணெயைக் கொண்டுபோய் வெள்ளைக்காரன்ர துடையில பூசினியளோ!"

சிரிக்கிறாளா ஏசுகிறாளா தெரியவில்லை. பிறகு கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "இஞ்சாருங்கோ, சனியனில பழியைப் போடாதேங்கோ. வியாழக்கிழமை கால் சரியெண்டு சொன்னது சனியனோ, நீங்களோ?"

குசினிக்குள் போய்விட்டாள். நேற்று வைத்த சோறு வேலியடியில் அப்படியே. எறும்பு.

திங்கள்

பனிமூட்டம். கெவினிடம் போனேன். போகும் வழியில் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், வாயில் வந்தது ஐந்தாவது.

"புரூசின்ர கால் சரியில்லை எண்டு எனக்குத் தெரியும். பொய் சொன்னனான்."

கெவின் பென்சிலைக் காதில் செருகினார். "எனக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை அவன் படியில ஒருபக்கமா இறங்கினதைக் கண்டனான்."

"அப்ப ஏன் என்னைக் கேட்டனீங்கள்?"

"இல்லை எண்டு நீ சொல்லுவாய் எண்டுதான். நான் சொன்னால் மகள் கலியாணம் வரைக்கும் என்னோட கதைக்கமாட்டாள். மற்ற மூண்டு பேரும் என்ர முகத்தைத்தான் பாப்பினம். எங்களுக்குச் சொந்தம் பந்தம் இல்லாத ஆள் நீ ஒருத்தன்தானே, தொம்."

ஏசவில்லை. லொறி வந்தது, போய்விட்டார்.

அவர் என்னை நம்பினார். புரூசும் நம்பினான். இரண்டு பேரும் நேரெதிராக நம்பியிருக்கிறார்கள். ஸ்டாவ் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் கிடைக்கவுமில்லை. இதை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் எனக்கு விளங்கவில்லை. பிழைவிட்டவனுக்கு ஒரு புள்ளி என்றால், இது யார் கணக்கில்?

புரூசுக்கு ஆறு கிழமை ஓய்வாம்.

புதன்

மழையுமில்லை வெயிலுமில்லை. நல்லெண்ணெய் கேட்டு ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும்.

ஸ்டாவ் இரண்டு நாளாக என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. ஒலிவ்காயும் வரவில்லை. கெவின் சொல்லியிருப்பார், அல்லது புரூஸ். இன்று மத்தியானம் வந்தான், என் முன்னால் பலகை அடுக்கில் காலைத் தூக்கி வைத்தான், காற்சட்டையை மேலே இழுத்தான். கணுக்காலுக்கு மேலே கத்தரிக்காய் நிறத்தில் வீக்கம். சனிக்கிழமை மிதிபட்டது. திங்களிலிருந்து இதோடு வாள் மேசையில் நின்றிருக்கிறான்.

"தொம், பாத்துச் சொல்லு. கால் சரியோ?"

அமத்தினேன். பல்லைக் கடித்தான். சுற்றி நின்ற எல்லாரும் பார்த்தார்கள்.

"இல்லை" என்றேன். "சரியில்லை."

"பாருங்கோடா" என்றான் ஸ்டாவ், "ஆட்டம் எல்லாம் முடிஞ்ச பிறகு சொல்லுறான்!"