அஸ்திவாரக் குழியில் நீ உட்கார்ந்த காலை

இன்று காலை குத்துக்கல்வலசை விலக்கில் பேருந்துக்காக நின்றிருந்தேன். சாரல் அப்போதுதான் விட்டிருந்தது. ஈரச் செம்மண்ணை அப்பிக்கொண்டு ஒரு பொக்லைன் என்னை உரசாத குறையாகப் போயிற்று. அந்த வாசம் மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அது புதுவீட்டு வாசம், எனக்கு உன் ஞாபகம். வந்த பேருந்தை விட்டுவிட்டு, எதிர்க்கடையில் ஒரு டீயைச் சொல்லி உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்பது தெரியும். தெரிந்தும் எழுதத்தான் தோன்றுகிறது.

நாம் சேர்ந்த படிப்பின் பெயரைச் சொன்னால் ஊரில் ஒருவருக்கும் விளங்காது. மனித நாகரிகங்களைப் பற்றி ஒரு முதுகலை. காலையில் மண், மதியம் கல்வெட்டு, மறுநாள் எலும்பு, அதற்கடுத்த நாள் பழைய வணிகம். தென்காசியில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் அப்பா, "எல்லாத்துலயும் கொஞ்சங் கொஞ்சம் வச்சிருக்கதுக்கு நம்ம கடையே போதுமே, அதுக்கு எதுக்கு யூனிவர்சிட்டி?" என்றார். நான் வணிகவியல் முடித்து வந்தவள், நீ தாவரவியல். முதல் நாளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏட்டி, தென்காசிதான நீ? வாயத் திறந்ததுமே தெரிஞ்சிட்டு" என்றாய்.

குற்றாலத்துக்குப் போனாலும் நமக்குச் சண்டைதான். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டே நடப்போம். இந்தக் கடைகள் எப்போது வந்திருக்கும், யார் யாரிடம் என்ன வாங்கியிருப்பார்கள் என்று நான் ஆரம்பிப்பேன். நீ அண்ணாந்து மரங்களைப் பார்த்துக்கொண்டு வருவாய். "நீ கடையப் பாக்குத, நான் மரத்தப் பாக்கேன். ரெண்டையும் சேத்துப் பாத்தாதான்ட்டி மனுசன் தெரிவான்" என்று ஒருநாள் சொன்னாய். எனக்கு எரிச்சலாக வந்தது, ஏனென்றால் நான் சொல்லியிருக்க வேண்டியது அது.

இரண்டாம் ஆண்டில் உன் அண்ணன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்து வீடு கட்ட ஆரம்பித்தார். உங்கள் பழைய வீட்டை ஒட்டிக் கிடந்த காலி மனை. லீவு முடிவதற்குள் அஸ்திவாரக் கான்கிரீட்டைத் தன் கண்முன்னால் போட்டுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை. அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. அன்று காலை நானும் உன் வீட்டில் இருந்தேன். பொக்லைன் சத்தம் திடீரென மாறியது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "பானை மாதிரி என்னமோ தட்டுது" என்றார்.

முதுமக்கள் தாழி. ஒரு பக்கம் விளிம்பு உடைந்து, உள்ளே மண்ணோடு மண்ணாக எலும்பு தெரிந்தது. வகுப்பில் படத்தில் பார்த்ததை உன் வீட்டு மனையில் பார்த்ததும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. "அண்ணே, இது சட்டப்படி அரசாங்கத்துக்குச் சேந்தது, தொடக்கூடாது" என்று பாடப்புத்தகம் மாதிரி ஒப்பித்தேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான். அவர் முகம் இறுகியது.

"தாசில்தார் காதுக்குப் போச்சுன்னா வேலைய நிப்பாட்டிருவாங்க. என் லீவு முடிஞ்சிரும். டிரைவரே, நீங்க எடுங்க" என்றார்.

உன் அம்மாவும் அவர் பக்கம்தான். "எலும்ப வாசல்ல வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது. சாக்குல அள்ளி ஆத்துல விட்டுட்டு ஆகவேண்டியதப் பாருங்க."

இன்னும் ஒரு அள்ளு. அவ்வளவுதான், தாழி தூள்தூளாகப் போயிருக்கும். இயந்திரத்தின் கை மேலே உயர்ந்தபோது நீ குழிக்குள் குதித்தாய். தாழியை ஒட்டி, காலை மடக்கி, அப்படியே உட்கார்ந்துகொண்டாய். ஓட்டுநர் அலறிக்கொண்டு எஞ்சினை நிறுத்தினார். உன் தலைக்கும் அந்த இரும்புப் பல்லுக்கும் இடையே ஒரு ஆள் உயரம்கூட இல்லை.

"ஏட்டி, மேல ஏறி வா" என்று கத்தினார் அண்ணன்.

"மாட்டேன்."

உன் அண்ணனும் உள்ளே குதித்தார். உன்னைத் தூக்கி வெளியே எறிந்துவிடுவார் என்றே நினைத்தேன். உன் தோளைப் பிடித்துக்கொண்டு, "செத்தவனுக்குப் பாக்குத, உயிரோட நிக்கவனுக்குப் பாக்க மாட்டியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி உன்னைச் சுட்டது. கண்ணில் நீர் கட்டிவிட்டது. ஆனாலும் அவரைப் பார்க்காமல் மேலே நின்ற அம்மாவைப் பார்த்துப் பேசினாய்.

"ஏம்மா, நம்ம தெருவுல ஒரு சாவு விழுந்தா, எடுக்கதுக்கு முந்தி எவனாவது கொத்து வேலை பாப்பானா? ஒரு வீட்டுல அடுப்பு எரியுமா? இங்கன ஒரு ஆளு கெடக்கு. இன்னும் எடுக்கல. நீயே சொல்லு."

நமக்கு அத்தனை ஆசிரியர்கள் இருந்தார்களே, மண்ணுக்கு ஒருவர், எழுத்துக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் என்று. அவர்களில் ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை. எல்லோரும் சொன்னதையும் நீ உன் தெரு வழக்கத்தில் கொண்டுபோய் வைத்தாய். உன் அம்மா சேலை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "டிரைவர் தம்பி, வண்டிய எடுத்துட்டுப் போப்பா. இன்னைக்கு வேலை இல்ல" என்றார். உள்ளே போய் அடுப்பையும் அணைத்துவிட்டார்.

அதிகாரிகளும் நம் ஆசிரியர்களும் வந்து, தாழியை முழுதாக எடுத்துப் போக நாளாயிற்று. ஒவ்வொரு எலும்பையும் நீ இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்ததை உன் அண்ணன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். லீவு முடிந்து, கான்கிரீட்டைப் பார்க்காமலே ரயிலேறினார். உன்னிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அம்மா முன்னால் நின்று அந்த வீட்டைக் கட்டி முடித்தார். போன் வரும், அம்மாவோடு பேசுவார், உன்னைக் கேட்க மாட்டார். "அண்ணன் இன்னைக்கும் கேக்கலட்டி" என்று சிரிக்கிற மாதிரி சொல்வாய். சிரிப்பு இல்லை அது. நான் என்ன ஆறுதல் சொன்னாலும் உனக்குப் போதவில்லை.

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகு உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். உன் அண்ணன் வந்து சேர்ந்தபோது உனக்கு நினைவில்லை. கட்டிலருகே நின்று உன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். அத்தனை நாள் நீ காத்திருந்த குரல். கேட்டிருப்பாய் என்று நம்புகிறேன். நம்பாவிட்டால் என்னால் முடியாது.

உன்னை எரித்த மறுநாள் காலை ஆண்கள் எல்லோரும் எலும்பு பொறுக்கப் புறப்பட்டார்கள். உன் அண்ணன் புது மண்கலயத்தோடு வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "பொம்பளப் பிள்ள சுடுகாட்டுக்கா?" என்று பெரியவர் ஒருவர் தடுத்தார்.

"இவ வருவா, பெரியப்பா" என்றார் உன் அண்ணன். பிறகு என்னிடம், "அன்னைக்கு அவ எப்படி எடுத்தா? அதே மாதிரி எடுத்துத் தாம்மா. ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது" என்றார்.

பால் தெளித்து ஆற்றிய சாம்பலில் மண்டியிட்டேன். வகுப்பில் பழகிய பழக்கத்தில் கை தலைப்பக்கம் போயிற்று. அந்தப் பெரியவரே குனிந்து மெதுவாக, "கால்ல இருந்து எடும்மா" என்றார். காலிலிருந்து எடுத்தேன். இரண்டு கையாலும். நான் எடுத்துத் தரத் தர, உன் அண்ணன் கலயத்தில் வாங்கிக்கொண்டார். குற்றாலத்தில் சிற்றாற்றில் கரைக்கும்போதுதான் அவர் வாய்விட்டு அழுதார்.

இப்போது நானும் பாடம் நடத்துகிறேன். எந்த அகழாய்வுக் குழியில் எலும்பு கிடைத்தாலும் காலில் இருந்துதான் தொடங்குகிறேன். அப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கள் ஊர் வழக்கம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். உன் பெயரை இன்னும் சொன்னதில்லை.