நாக்கை ஏமாற்றிய இலை

மாப்ளே,

இன்று காலை உன் மனைவி ஸ்டெல்லா கல்லூரிக்கு வந்தாள். என் ஆய்வுக்கூட மேசையில் ஒரு எவர்சில்வர் டப்பாவை வைத்து மூடியைத் திறந்தாள். அடியில் ஒட்டியிருந்த சிறுகுறிஞ்சான் பொடியின் வாசம் எழுந்தது. அந்த இலையில் உள்ள அமிலத்தைப் பிரித்தெடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான்.

"பொடி தீந்துபோச்சுண்ணே. இன்னும் கொஞ்சம் இலை தந்தியன்னா நானே இடிச்சுக்கிடுவேன்."

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான். எனக்கும் சுகர் வந்துருச்சுல்லா. மாத்திரைய விட்டுட்டேன். அவிய சாப்பிட்ட இலையே எனக்கும் போதும்."

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. அவளைக் கண்டால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன் என்பது உனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் மாட்டிக்கொண்டேன். "ஒங்க இலையாலதான் அவிய அம்புட்டு நாள் இருந்தாவ" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

எல்லாம் எங்கள் ஆய்வுக்கூட வேக்குவம் பம்ப் பழுதானதில் தொடங்கியது. பேண்டேஜ் துணி மில்லில் ஃபிட்டராக இருந்த உன்னைத்தான் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்தே என் வீட்டில் எது உடைந்தாலும் நீதானே வருவாய். பம்ப் ஓடியதும் கையைத் துடைத்துக்கொண்டு, "இந்த எலையில அப்படி என்னலே இருக்கு?" என்றாய். இரண்டு இலையை மெல்லச் சொல்லி, பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை நீட்டினேன். உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"ஏலே, மண்ணத் திங்க மாதிரில்லா இருக்கு!"

அந்த அமிலம் நாக்கில் இனிப்பு தெரியும் இடங்களை அடைத்துவிடும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று விளக்கினேன். அதைக் கொடுத்த எங்கள் ஆய்வுக்கூட எலிகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை சற்றுக் குறைந்ததையும் சொன்னேன். அப்போதே சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்த நீ யோசித்துவிட்டு, "நாக்குக்கே தெரியாத சீனி ரத்தத்துக்கு எப்படிலே தெரியும்?" என்றாய்.

நான் சிரித்தேன். வகுப்பில் ஒரு மாணவன் சொல்லியிருந்தால் அரைமணி நேரம் திருத்தியிருப்பேன். ஆனால் கல்லூரிக்கு வெளியே என் வேலையைப் பற்றி அக்கறையாகக் கேட்ட முதல் ஆள் நீ. எனக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது.

பிறகு உன் சட்டைப்பையில் எப்போதும் நாலு இலை இருந்தது. உன் அக்கா மகள் கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இலையை மென்றுவிட்டு இரண்டு ஜிலேபியை முழுசாகத் தின்றாய். "இனிப்ப வேண்டாம்னு சொன்னா வீட்டுக்காரவிய மூஞ்சி சுருங்கிருதுலே. இப்பம் யாருக்கும் வருத்தமில்ல" என்றாய். மாத்திரை போடுகிறாயா என்று கேட்டேன். "போடுதேன், போடுதேன்" என்றாய். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ஞாயிறுதோறும் அய்யனார் கோவில் போகும் வழியில், வேலியில் படர்ந்த கொடியிலிருந்து உனக்குப் பறித்துக்கொடுத்தவனும் நான்தான்.

செருப்பு கடித்த புண் உனக்கு வலிக்கவே இல்லை. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு காலை. மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பல மாசமா மாத்திரையே போடலையாமே?" என்று கேட்டார். ஸ்டெல்லா அப்போது காபி வாங்கப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது டாக்டர் கேட்டதை நான் சொல்லவில்லை. நீ போன பின்னும் சொல்லவில்லை.

இன்றைக்குத் தப்ப வழியில்லை. வாயை மூடினால் அவளும் உன் வழியிலேயே போவாள். சொன்னால் நீ செத்ததற்கு நான்தான் காரணம் என்று ஆகும். சொல்லிவிட்டேன் மாப்ளே. இலையை நம்பி நீ மாத்திரையை நிறுத்தியதை, தெரிந்தும் நான் மறைத்ததை, எல்லாவற்றையும்.

அவள் டப்பாவை மெதுவாக மூடினாள்.

"எனக்கு அப்பமே தெரியும்ண்ணே. வாங்குன மாத்திரையெல்லாம் பிரிக்காம பீரோவுல கெடந்துச்சு. ஒங்ககிட்ட சொல்லாதன்னு அவிய சத்தியம் வாங்கிட்டாவ."

"தெரிஞ்சும் நீ ஏம்மா மாத்திரைய விட்ட?"

"நான் மாத்திரைய முழுங்கி நல்லா இருந்தா, அவியளும் முழுங்கியிருந்தா உசுரோட இருந்திருப்பாவன்னு ஆயிரும்லா. அப்பம், வாய மூடிக்கிட்டு இருந்த நான் யாரு?"

நான் இலை கொடுக்கவில்லை. நாளைக் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "வாரேன்" என்றாள், மாத்திரை போடுவேன் என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்து விழுங்க வைப்பேன். அவள் தேறத் தேற, உன்னைச் சாகவிட்டவர்கள் நாங்கள் இருவரும் என்பது உறுதியாகிக்கொண்டே வரும். வரட்டும் மாப்ளே. அவள் இருக்க வேண்டும்.